போர்ட் லூயி நகரில் ஒரு நாள் வேடிக்கை பார்ப்பது எப்படி: விடியல் முதல் அந்தி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று அதட்டப்படாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை யாரும் இருக்க முடியாது. ஆனால் அப்படி அதட்டிய பெரியவர்களே மாலையானால் திண்ணையில் வந்து உட்கார்ந்து, தெருவில் போகிறவர் யார், யார் வீட்டுக்குப் போகிறார், கையில் என்ன கொண்டுபோகிறார் என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயிலாடுதுறையில் என் பாட்டி அப்படித்தான் ஊரைத் தெரிந்துவைத்திருந்தார். திருமணமாகி மொரீஷியசுக்கு வந்து, இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இந்தத் தீவை நான் கற்றதும் பாட்டியின் வழியில்தான். புத்தகங்கள் அதற்குப் பிறகு வந்தன.

மொரீஷியசின் தலைநகரான போர்ட் லூயி, இந்தியாவின் தென்முனையிலிருந்து ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலின் நடுவே, மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக ஒதுங்கிக் கிடக்கும் துறைமுக நகரம். இத்தீவில் ஆதிகுடி என்று எவரும் இல்லை. பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், தமிழர், போஜ்புரி பேசியோர், தெலுங்கர், மராத்தியர், குஜராத்தி வணிகர், சீனர் என ஏறத்தாழ எல்லோருடைய முன்னோரும் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்களே. ஆகவே இங்கே ஒரு முகத்தைப் பார்த்தவுடன் "இவர் இன்னார்" என்று முடிவுகட்டுபவர் பெரும்பாலும் தவறிப்போவார். நடையையும் கையையும் பேச்சையும் பொறுமையாகக் கவனிப்பவருக்கே இந்த நகரம் பிடிபடும். அதற்கு ஊர் முழுவதும் அலைய வேண்டியதில்லை. நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஏற்ற ஒரு திண்ணையைக் கண்டுபிடித்து, அதில் போதுமான நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். அந்தத் திண்ணைகள் எவை, எங்கே எப்போது உட்கார வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அன்று அலுவலகங்கள் முழுமையாக இயங்கும்; நண்பகலில் ஜும்மா மசூதியை ஒட்டிய தெருக்களின் போக்கே மாறும்; மாலையில் கோயில்களில் மற்ற நாள்களைவிடக் கூட்டம் கூடும். சனிக்கிழமை பிற்பகலில் கடைத்தெரு சீக்கிரம் அடங்கிவிடும். ஞாயிறன்று மத்தியச் சந்தை நண்பகலோடு மூடப்படும். குதிரைப் பந்தயப் பருவத்துச் சனிக்கிழமை மட்டும் விதிவிலக்கு. 1812ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஷான் த மார்ஸ் பந்தயத் திடலில் கூடும் மக்களைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு நாளை ஒதுக்கலாம். 1968 மார்ச் 12 அன்று இந்நாட்டின் கொடி முதன்முறையாக ஏற்றப்பட்டதும் அதே திடலில்தான். ஆனால் பந்தய நாளில் எல்லோருடைய கண்ணும் ஒரே திசையில் இருக்கும். மனிதர்களைப் பார்க்கப் பழகத் தொடங்குபவருக்கு அது உகந்ததல்ல.

மாதத்தைப் பொறுத்தவரை மே முதல் அக்டோபர் வரையிலான குளிர்பருவமே நல்லது. காற்று மறைவுப் பக்கத்தில், மலைகளுக்குக் கீழே அமைந்திருப்பதால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்நகரத்தின் வெப்பம் ஆளைக் களைப்படையச் செய்துவிடும். அதுவே புயல் எச்சரிக்கை வரும் பருவமும்கூட.

இரண்டாம் படி: கையில் இருக்க வேண்டியவை

தொப்பி அல்லது குடை, தண்ணீர், சட்டைப் பையில் அடங்கும் சிறு குறிப்பேடு, பென்சில் ஆகியவற்றோடு சில்லறைப் பணம் அவசியம் வேண்டும். நாம் உட்காரும் இடமெல்லாம் யாரோ ஒருவர் பிழைப்பு நடத்தும் இடம். ஒரு டம்ளர் பானமோ ஒரு பொட்டலம் பழமோ வாங்காமல் அங்கே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது முறையன்று.

பணத்தாளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறை அதைப் படித்துப் பாருங்கள். மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது. 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழுக்கு முன்னால் இந்தி வைக்கப்பட்டபோது, இத்தீவுக்கு முன்னரே வந்து சேர்ந்தவர்கள் என்ற முறையில் தமிழர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசைப்படி வேறு தாள்கள் வந்தன. நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழிவந்த அரசியல் தலைவருடையது. அன்றைய நாள் முழுவதும் அந்த முகம் எத்தனை விதமான கைகளில் மாறிப்போகிறது என்று கவனிப்பதே ஒரு நல்ல பயிற்சி.

மூன்றாம் படி: காலை ஏழு மணிக்கு, இறங்கி வரும் கூட்டம்

இந்நகரத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இங்கே வசிப்பதில்லை. அவர்கள் ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாகுவா, கூர்பிப் போன்ற மேட்டுநில ஊர்களிலிருந்து காலையில் இறங்கி வந்து மாலையில் ஏறிப் போகிறவர்கள். கடலுக்கு ஓதம் இருப்பதுபோல இந்நகரத்துக்கும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு என்பதைப் புரிந்துகொண்டால் நாள் முழுவதும் எங்கே நிற்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

காலை ஏழு மணிக்குள் விக்டோரியா நிலையத்துக்கு வந்துவிடுங்கள். 1864இல் தொடங்கிய பழைய இருப்புப்பாதையின் காலத்துப் பெயர் அது. 1956இல் பயணிகள் ரயில் நின்றுபோன பிறகு நெடுங்காலம் அது பேருந்துகளுக்கு மட்டுமே உரிய இடமாக இருந்தது. 2020 தொடக்கத்திலிருந்து மெட்ரோ ஓடுகிறது. 2022இல் அது கூர்பிப் வரை நீண்டது. மெட்ரோவிலிருந்து இறங்குபவர்களும் பேருந்திலிருந்து இறங்குபவர்களும் ஒன்றாகக் கலந்து நகருக்குள் நடக்கும் இடத்தில், சுவரோரமாக, யாருக்கும் இடையூறில்லாமல் நின்றுகொள்ளுங்கள்.

இங்கே முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். கூர்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், மழையும் குளிருமாக இருக்கும் ஊர். அங்கிருந்து புறப்படும்போது அணிந்திருந்த கம்பளிச் சட்டை, போர்ட் லூயியில் கால் வைத்ததும் தேவையற்றதாகிவிடுகிறது. ஆகவே மடித்த கம்பளிச் சட்டையும் இன்னும் ஈரம் காயாத குடையும் முழங்கையில் தொங்க வருபவர் மேட்டிலிருந்து வருகிறார் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வெறுங்கையோடு, சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருக்க வருபவர் இந்நகரத்திலோ வடக்குக் கடற்கரைப் பக்கத்திலோ வசிப்பவராக இருப்பார். மெல்லிய துணிப் பையில் அடுக்குப் பாத்திரம் தெரிய வருபவர்களையும் எண்ணிப் பாருங்கள். சீருடைப் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தை எதிர்த்துக் குறுக்கே ஓடுவார்கள்.

எட்டரை மணிக்குள் இந்த அலை ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டாவது, மெதுவான அலை ஒன்று வரும், அதைத் தவறவிடாதீர்கள். 2005 முதல் மூத்த குடிமக்களுக்கும் மாணவர்களுக்கும் பேருந்துப் பயணம் இலவசம். அதனால் ஒன்பது மணிக்கு மேல், தேய்த்த முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிந்த முதியவர்கள் இருவர் இருவராக வந்து இறங்குவார்கள். அவர்களில் பலருக்கு நகரத்தில் குறிப்பான வேலை எதுவும் இல்லை. பழைய நண்பரைப் பார்ப்பது, அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குவது, திரும்பிப் போவது, அவ்வளவுதான். மொரீஷியசில் என்னைவிட நன்றாக வேடிக்கை பார்ப்பவர்கள் இவர்கள்தான். இவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள்; இடம் ஒருபோதும் தவறாது.

நான்காம் படி: மத்தியச் சந்தையில் காதைத் திறந்துவைத்தல்

ஒன்பதரை மணியளவில் மத்தியச் சந்தைக்குள் நுழையுங்கள். நாளின் மிக நீண்ட பகுதியை இங்கே செலவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மேல்மாடியில் விற்கப்படும் நினைவுப் பொருள்களையும் துணிகளையும் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுவிட்டு, தரைத்தளத்துக் காய்கறிக் கூடத்திலேயே இருங்கள்.

கண்ணைவிடக் காதுக்குத்தான் இங்கே வேலை. விற்பவரும் வாங்குபவரும் பேசுவது, பிரெஞ்சிலிருந்து இத்தீவில் உருவான கிரியோல் மொழி. தமிழ்க் குடும்பங்களிலும் வீட்டு மொழி பெரும்பாலும் அதுவே. நான் இங்கே வந்த முதல் ஆண்டில், சனிக்கிழமை தோறும் என் மாமியார் என்னை இந்தச் சந்தைக்கு அழைத்து வருவார். அவருக்குத் தமிழ் பேச வராது. எனக்குக் கிரியோல் வராது. ஒரு நாள் அவர் ஒரு கீரைக்கட்டைக் காட்டி "கோத்தோமிலி" என்றார். நான் திகைத்துப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். அடுத்ததாக ஒரு சிறு கொத்தை எடுத்துக் கசக்கி என் மூக்கருகே நீட்டி "காரிபூலே" என்றார். கறிவேப்பிலை. அதற்குப் பிறகு இருவரும் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டோம். பீர்க்கங்காய் "பிபாங்காய்" ஆகியிருந்தது. முருங்கைக் கீரை "ப்ரெட் முரூம்" ஆகியிருந்தது. அன்று இரவு வீட்டில் வைத்த ரசத்துக்கு அவர் சொன்ன பெயர் "ராசோன்". மொழி போய்விட்டது என்று எல்லோரும் சொன்ன ஒரு குடும்பத்தில், சமையலறை அளவுக்காவது அது போகவில்லை என்பதை நான் காய்கறிக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சொற்களைச் சொல்பவர் தமிழ் வழிவந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதையும் கவனியுங்கள். சீனக் கடைக்காரரும் கோத்தோமிலி என்பார். ஆப்பிரிக்க வழிவந்த அம்மையாரும் காரிபூலே கேட்பார். அது இப்போது எல்லோருடைய சொல்லாகிவிட்டது. எனக்கு இதில் வருத்தமில்லை, பெருமைதான். பாகற்காயை மார்கோஸ் என்றும் வெண்டைக்காயை லாலோ என்றும் தமிழ்க் குடும்பத்தாரும் சொல்கிறார்கள் அல்லவா? குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போட்டு, நம்முடையதாகக் காதில் விழும் சொற்களை ஒரு பக்கமும் மற்றவற்றை மறுபக்கமும் எழுதிக்கொண்டே வாருங்கள். விலை "லிவ்" கணக்கில் சொல்லப்படும். அது அரைக் கிலோ.

பிறகு ஒரு தால் பூரிக் கடையின் அருகே நில்லுங்கள். சந்தையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் பல கடைகள் உண்டு. மஞ்சள் பருப்பை வேகவைத்து அரைத்து மாவுக்குள் பூரணமாக வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி அது. எப்போதும் இரண்டிரண்டாகத்தான் விற்பார்கள், "ஒரு ஜோடி" என்றுதான் கேட்க வேண்டும். விற்பவரின் வலக்கையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மூடிய கூடையிலிருந்து இரண்டு ரொட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று சற்று விலகியிருக்குமாறு காகிதத்தில் வைப்பார். ஒரு கரண்டி அவரைப் பருப்புக் குழம்பு, ஒரு கரண்டி ருகாய் என்னும் தக்காளிக் குழம்பு, ஒரு தேக்கரண்டி சத்தினி, அதாவது சட்னி. பின்பு கை ஒரு கணம் மிளகாய்ப் பாத்திரத்தின்மேல் நிற்கும். கண் மட்டும் நிமிர்ந்து "பிமான்?" என்று கேட்கும். வாங்குபவர் தலையசைக்கும் விதத்தைப் பொறுத்து மிளகாய் விழும் அல்லது விழாது. பிறகு ஒரே சுருட்டில் எல்லாம் முடிந்துவிடும். வழக்கமாக வருபவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. கை நிற்காமலே போய்விடும். ஒருவர் இந்நகரத்துக்குப் பழையவரா புதியவரா என்பதை அந்தக் கையின் தயக்கம் சொல்லிவிடும்.

நீங்களும் ஒரு ஜோடி வாங்கிச் சாப்பிடுங்கள். நின்றுகொண்டே, சற்று முன்னால் குனிந்து, குழம்பு சட்டையில் சொட்டாதவாறு சாப்பிட வேண்டும். வழக்கறிஞரும் மூட்டை தூக்குபவரும் ஒரே கோணத்தில் குனிந்து சாப்பிடுவதை இங்கே பார்க்கலாம்.

களைத்துப்போனால் அலுடா அருந்துங்கள். பாலில் திருநீற்றுப்பச்சை விதையும் அகர் அகர் துருவலும் மணமும் சேர்த்துக் குளிரவைத்த பானம் அது. மதுரை ஜிகர்தண்டாவை அறிந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சந்தைக்குள் பிள்ளை என்ற தமிழ்ப் பெயரோடு விளங்கும் அலுடாக் கடை நாடறிந்தது. அதன் முன்னே நிற்கும் கூட்டம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாறிவிடும் என்பதால், ஒரே இடத்தில் நின்றபடி ஊரின் குறுக்குவெட்டைப் பார்த்துவிடலாம்.

மீன், இறைச்சிக் கூடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வந்த புதிதில், அழகாக மீன் அறுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்காமல் படம் பிடித்துவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, நான் நகரும் வரை அப்படியே நின்றார். வரிசையில் நின்றிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் போய் மீன் வாங்கி மன்னிப்புக் கேட்டேன். "சரி, மதாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து சந்தைக்குள் நான் படக்கருவியை வெளியே எடுப்பதில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். திண்ணையில் இருந்த பாட்டி யாரையும் படம் பிடிக்கவில்லை. ஆனாலும் எல்லோரையும் நினைவில் வைத்திருந்தார்.

ஐந்தாம் படி: பெயர்ப் பலகைகளைப் படித்தபடி நடத்தல்

பதினொன்றரை மணிக்குச் சந்தையை விட்டு வெளியே வந்து, சேன்ட் ஜார்ஜ் தெருப் பக்கமாக மெதுவாக நடங்கள். வழக்கறிஞர், மருத்துவர், கணக்காளர் பலகைகளை உரக்க வாசித்துப் பாருங்கள். பிரெஞ்சு, ஆங்கில எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதியதால், முத்துசாமி "மூட்டூசாமி" ஆகியிருப்பார், வீரப்பன் "வீராப்பென்" ஆகியிருப்பார், சின்னத்தம்பி அடையாளமே தெரியாமல் போயிருப்பார். தந்தையின் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டதால், ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒரு மனிதர் இன்றைக்கும் பலகையில் நிற்கிறார். கண்ணால் படித்தால் விளங்காது. வாயால் சொன்னால் விளங்கிவிடும்.

ஆறாம் படி: நண்பகலில் இரண்டு திண்ணைகள்

பன்னிரண்டு மணிக்கு ராயல் தெருவில், ஜும்மா மசூதியின் எதிர்ப்புற நடைபாதையில் இருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த இந்த மசூதியின் முற்றத்தில் ஒரு பெரிய பாதாம் மரம் நிற்கிறது. கடைகள் ஒவ்வொன்றாகப் பாதிக் கதவை இழுத்துவிடுவதும், வெள்ளைத் தொப்பியைப் பையிலிருந்து எடுத்து அணிந்துகொண்டே ஆண்கள் விரைவதும், தொழுகை முடிந்ததும் அதே ஆண்கள் அவசரமில்லாமல் கூட்டம் கூட்டமாக நின்று பேசுவதும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். போகும் நடைக்கும் வரும் நடைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாயிலருகே நெருங்கி நிற்க வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் சீனர் கடைத்தெருவின் வளைவுக்குள் ஒரு முறை நடந்து வந்தால் போதும். அது இரவிலும் விழாக் காலத்திலும் பார்க்க வேண்டிய இடம்.

ஒரு மணிக்கு பிளாஸ் தார்ம் சதுக்கத்துக்கு வாருங்கள். அரசினர் மாளிகை முதல் துறைமுகம் வரை இரு வரிசைப் பனைகள் நிற்க, கடலைப் பார்த்தபடி மாஹே த லபூர்தொனேயின் சிலை இருக்கும். 1735இல் ஆளுநராக வந்து இந்தத் துறைமுகத்தை நகரமாக்கியவர் அவர். அதற்காகப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் கொல்லர்களும் வரவழைக்கப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வருவதற்கு நூறாண்டு முன்னமே தமிழர் இங்கே கல் அடுக்கியிருக்கிறார்கள். சிலையைப் பார்ப்பவர் யாரும் இல்லை. அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களைப் பாருங்கள். வங்கி ஊழியர்கள் காலணியைப் பாதி கழற்றிவிட்டு உட்காருவார்கள். ஒருவர் பிரெஞ்சுச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருப்பார், மடியில் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய அரசுப் படிவம் இருக்கும், தொலைபேசியில் கிரியோலில் பேசுவார், மணிக்கட்டில் கோயில் கயிறு இருக்கும். ஒரு மனிதரில் மூன்று மொழிகளும் ஒரு கோயிலும் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன என்பதை இந்த ஒரு காட்சியில் காணலாம்.

பக்கத்துப் பூங்காவான கும்பினித் தோட்டத்தின் வாயில் திறந்திருக்கும் நாளானால், அங்குள்ள ஆலமரங்களின் நிழல் இதைவிடச் சிறந்த திண்ணை.

ஏழாம் படி: ஆப்ரவாசி காட் நினைவிடத்தில் சற்று நேரம்

இரண்டரை மணியளவில் ஆப்ரவாசி காட் நினைவிடத்துக்குச் செல்லுங்கள், அனுமதி இலவசம். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைப் பதிவுசெய்து அனுப்பிய கூடத்தில் எஞ்சியிருக்கும் கற்படிகளும் சுவர்களும் 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பல்லாயிரம் தமிழர்கள் இப்படிகளில் ஏறியவர்கள். இங்கே வருபவர்களில் சிலர் படியருகே வந்ததும் தம்மையறியாமல் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் நிற்கும்போது குறிப்பேட்டை மூடிவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: நான்கு மணிக்கு, ஏறிப் போகும் கூட்டம்

அரசு அலுவலகங்கள் நான்கு மணிக்கு விடும். மூன்றரை மணிக்கெல்லாம் கோடான் நீர்முகப்புக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டிய இருக்கை ஒன்றில் அமருங்கள். எதிரே சரக்குக் கப்பல்கள், பின்னால் கடைகள். பணிநாளின் முடிவில் காதலர்களும் கல்லூரி மாணவர்களும் இங்கே வந்து, பேருந்து நேரம் வரும் வரை தங்கியிருப்பார்கள். சீருடையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, இரண்டு பேருக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக்கொள்ளும் பெண்பிள்ளைகளில் என் பழைய மாணவி யாராவது இருப்பாள், "மிஸ்!" என்ற குரல் கேட்டால் அன்றைய வேடிக்கை அத்தோடு முடிந்தது, நலம் விசாரிப்பு தொடங்கிவிடும்.

நான்கரை மணிக்கு அங்கேயே இருந்து விக்டோரியா நிலையத்துப் பக்கம் போகும் கூட்டத்தைப் பாருங்கள். காலையில் வெறுமனே வந்த கைகளில் இப்போது ரொட்டி நீட்டிக்கொண்டிருக்கும் பை, கீரைக்கட்டு, பிள்ளைக்கு வாங்கிய வரைபடத்தாள் சுருள். பழ ஊறல் விற்பவரிடம் வரிசை நீளும். அவர் அன்னாசியை இலைக்கொத்தோடு தலைகீழாகப் பிடித்து, கண்களைச் சுழல் சுழலாகச் செதுக்கி, நான்காகப் பிளந்து, புளிக்கரைசலிலும் மிளகாய் உப்பிலும் தோய்த்துத் தருவார். அதை வாங்கிய பெண் அலுவலர், அலுவலக முகம் கலைந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் கடி கடிக்கும் நொடிக்காக நான் காத்திருப்பதுண்டு.

மாற்று வழியாக, நடக்கத் தெம்பிருப்பவர்கள் 1834க்கும் 1840க்கும் இடையே ஆங்கிலேயர் கட்டிய மலைக்கோட்டைக்கு ஏறி, அங்கிருந்து இந்தக் கூட்டத்தை எறும்பு வரிசையாகப் பார்க்கலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. கைகள் தெரியாத உயரத்திலிருந்து என்ன பார்ப்பது?

ஒன்பதாம் படி: கைலாசோன் கோயிலில் மாலை

ஐந்து மணிக்கு மேல் நகரத்தின் மையம் வியப்பூட்டும் வேகத்தில் வெறிச்சோடிப்போகும். அப்போது இமிக்ரேஷன் சதுக்கத்துப் பக்கமிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ, நகரின் வடபுறத்தில் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் செல்லுங்கள். கைலாசோன் என்று சொன்னால்தான் ஓட்டுநருக்குத் தெரியும். இத்தீவின் மிகப் பழைய தமிழ்க் கோயில்களில் ஒன்று அது. முதலில் வணங்குங்கள், பிறகு தூணோரம் உட்காருங்கள்.

இங்கே உதடுகளைப் பாருங்கள். தேவாரம் பாடும்போது சிலர் கையில் இருக்கும் ஏடு ரோமன் எழுத்தில் அச்சிட்டதாக இருக்கும். விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே, "ழ" வரும் இடத்தில் சற்றுத் தயங்கி, பக்கத்தில் இருப்பவர் சொன்னதும் சேர்ந்துகொள்வார்கள். பொருள் முழுவதும் விளங்காமலும் ராகம் பிசகாது. நெற்றியில் திருநீறு, காலரில் இன்னும் அலுவலக அடையாள அட்டை. தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாள்களில் வந்தால், காப்புக் கட்டி விரதமிருப்பவர்களைப் பார்க்கலாம். அந்த நாள்களில் இதே மனிதர்கள் சந்தையில் என்ன வாங்குகிறார்கள், எதைத் தாண்டிப்போகிறார்கள் என்பதும் மாறிவிடும். பெரியவர்கள் யாராவது பேச்சுக் கொடுத்தால் நீங்களும் பேசுங்கள். "தோன்தோன்" (மாமா) என்றோ "தாந்தின்" (அத்தை) என்றோ அழைப்பது இங்கே மரியாதையான உறவுமுறை. நீங்கள் தமிழில் ஒரு சொல் சொன்னால், தமக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்ச் சொற்களையும் எடுத்து முன்னால் வைப்பார்கள். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேளுங்கள்.

பத்தாம் படி: திரும்பும் வழியில் எழுதுதல்

இருட்டி வெகுநேரம் ஆவதற்குள் நிலையத்துக்குத் திரும்பி, கூர்பிப் செல்லும் மெட்ரோவில் ஏறுங்கள். அமர்ந்தவுடன் எழுதத் தொடங்குங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி கரைந்துவிடும். நாள் முழுவதையும் எழுத முயல வேண்டாம். ஒரு கை, ஒரு சொல், ஒரு நடை என்று மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதினால் போதும். யாருடைய பெயர் காதில் விழுந்திருந்தாலும் அதை எழுதாதீர்கள். இன்ன இனத்தவர் என்ற ஊகத்தையும் எழுதாதீர்கள். "பச்சைச் சட்டைக்காரர் இரண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டுச் சிறியதை வாங்கினார்" என்பது போதும்.

எழுதும்போது நடுநடுவே தலையை நிமிர்த்திப் பெட்டிக்குள்ளும் பாருங்கள். வண்டி மேடேறும், சாளரக் கண்ணாடி மெல்ல மங்கும். ரோஸ் ஹில் நெருங்கும்போது, மேலே கூர்பிப் வரை போகிறவர்கள் ஒவ்வொருவராக மடியிலிருக்கும் கம்பளிச் சட்டையை விரித்து, உட்கார்ந்தபடியே ஒரு கையை நுழைத்து, பக்கத்தில் இருப்பவர்மேல் படாமல் மறுகையையும் நுழைத்துக்கொள்வார்கள். நான் அந்த நிலையத்தில் இறங்கிவிடுவேன்.